சரிங்க அக்கா

நான்தான் சார் அந்த இளவழகன்.

ஆமாம், நீங்கள் விசாரிக்கிற ஆள் நானேதான். உங்கள் கையில் இருக்கிற போட்டோ பட்டமளிப்பு விழாவில் எடுத்தது. கருப்பு அங்கி போட்டால் யாருக்கும் உடம்பு கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். நீங்கள் நேராக என்னிடமே வந்து, "தம்பி, இந்த ஆஸ்பத்திரியில இளவழகன்னு ஒரு பையன் வேலை பார்க்கிறானாமே, ஆள் எப்படி?" என்று கேட்டதும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னோடு ஒரே அறையில் ஹமீது என்று ஒருவன் தங்கியிருக்கிறான், எக்ஸ்ரே எடுக்கிறவன். அவனாக இருந்தால், "தங்கமான பையன் சார், கண்ணை மூடிக்கிட்டுப் பொண்ணு குடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, உங்கள் செலவிலேயே ஒரு டீயும் குடித்துவிட்டுப் போயிருப்பான். எனக்கு அப்படி வராது. கேட்டுவிட்டீர்கள். சரியான பதில் சொல்லாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது.

உட்காருங்கள் சார். எதற்கு எழுந்திருக்கிறீர்கள்? பெண்ணுக்குத் தாய்மாமா விசாரிக்க வருவது முறைதானே. என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எங்கள் அப்பாவும் இப்படித்தான் போனார். மாப்பிள்ளைக்கு ஆகாத பங்காளியிடம் போய் விசாரித்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். கல்யாணம் நடந்தது. தங்கை நன்றாகத்தான் இருக்கிறாள்.

மாமா என்றே கூப்பிடச் சொல்கிறீர்கள். முடிவாகட்டும் சார்.

அண்ணே, ரெண்டு டீ. உங்களுக்குச் சர்க்கரை போடலாமா சார்? போடலாமா என்றுதான் கேட்டேன், இருக்கிறதா என்று கேட்கவில்லை. ஆனால் இருந்தால் சொல்லிவிடுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். தரகர் உங்களிடம் "டாக்டர் மாதிரி" என்று சொல்லியிருப்பார். நான் டாக்டர் மாதிரி இல்லை. நர்ஸ். எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். அதையும் தரகர் "சிமெண்ட் பிசினஸ்" என்று சொல்லியிருப்பார். சொன்னாரா? அதுதான்.

நர்ஸ் என்றால் வார்டில் இல்லை. போனில். எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓர் ஆலோசனை எண் இருக்கிறது. மேல்மாடியில் ஓர் அறை. தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்போம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பிள்ளை சட்டைப் பட்டனை விழுங்கிவிட்டது, இப்படி யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். என்ன நோய் என்று நாங்கள் சொல்லக் கூடாது. முகத்தைப் பார்க்காமல், கையைப் பிடித்துப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? எங்கள் வேலை ஒன்றே ஒன்றுதான். இந்த ஆள் இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா, நாளைக் காலையில் போகலாமா, வீட்டிலேயே கஞ்சி குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாமா. சந்தேகம் வந்தால் போகத்தான் சொல்ல வேண்டும். வீணாகப் போய்விட்டு வந்தால் நம்மைத் திட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். போகாமல் இருந்துவிட்டால் திட்டுவதற்கு ஆள் இருக்காது.

என் குரலைக் கேட்டதும் பாதிப் பேர், "தம்பி, நர்ஸம்மாகிட்ட குடுப்பா" என்பார்கள். "நான்தாங்க நர்ஸ்" என்பேன். பிறகு, "சரி, அவங்க வந்ததும் கூப்பிடச் சொல்லு" என்று வைத்துவிடுவார்கள். பெரம்பலூரிலிருந்து ஓர் அம்மா மட்டும், "பரவாயில்லப்பா, மனசைத் தளர விடாத. நல்ல வேலை கிடைக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அவர்களுக்குத் தலைசுற்றல் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

இந்த வேலையில் முதல் பாடம், நோயாளியிடமே பேச வேண்டும். கேட்க என்னவோ சுலபம்தான். நம் ஊரில் உடம்பு சரியில்லாதவர் போனைத் தொடவே மாட்டார். மகன் பேசுவான், மருமகன் பேசுவான், தெருவில் பேசத் தெரிந்தவர் என்று பேர் வாங்கிய ஒருவர் இருப்பார், அவரை வரவழைத்துப் பேசவைப்பார்கள். ஒரு பெரியவருக்குச் சளி என்று மகன் கூப்பிட்டார். "மூச்சு வாங்குதா?" "அதெல்லாம் இல்ல." போனை அவரிடம் கொடுக்கச் சொல்லி, "ஐயா, பேரப்பிள்ளைங்க பேரையெல்லாம் ஒரே மூச்சுல சொல்லுங்க பாப்போம்" என்றேன். இரண்டு பேர் சொன்னார், நின்றுவிட்டார். அவர் காற்றை இழுக்கிற சத்தம் எனக்கு இங்கே கேட்டது. மகன் போனைப் பிடுங்கி, "மொத்தம் ஏழு பேருங்க. அவருக்கு எப்பவுமே எங்கண்ணன் பிள்ளைங்க ரெண்டு பேரைத்தான் பிடிக்கும்" என்றார். உடனே கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். போனாரா, பிழைத்தாரா, தெரியாது. போனை வைத்தபிறகு என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. யாரும் கூப்பிட்டு, "நல்லாயிட்டேன்" என்று சொல்ல மாட்டார்கள். நல்லாகிவிட்டவர்களுக்கு நம் ஞாபகம் எதற்கு?

அடுத்த தொல்லை ஸ்பீக்கர். வீட்டில் எல்லோரும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்கள். நான் ஒரு கேள்வி கேட்டால் நாலு பேர் பதில் சொல்வார்கள். நாலும் நாலு மாதிரி இருக்கும். அதில் எந்தக் குரல் வலிக்கிறவருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் பேசாத குரல்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதைக் கேட்கத்தான் வந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என்னை இங்கே எல்லோரும் "அக்கா" என்று கூப்பிடுகிறார்களே, அந்த விஷயம்.

கேள்விப்படவில்லையா?

வாசலில் செக்யூரிட்டி சொல்லவில்லை? மருந்துக்கடையில்? யாருமே சொல்லவில்லையா?

சரி. ஆரம்பித்துவிட்டேன். இப்போது பாதியில் நிறுத்தினால் முழுதாகச் சொல்வதைவிட மோசமாக இருக்கும். சுருக்கமாகச் சொன்னால், நான் இன்னொருவர் மனைவிக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தேன். அந்தப் பெண்ணைத் தன் வீட்டாரிடம் பொய் சொல்ல வைத்தேன். அதற்காக என் மேல் புகார் வந்திருக்கிறது.

இருங்கள் சார். டீ வந்துகொண்டிருக்கிறது.

பேரும் ஊரும் சொல்ல மாட்டேன், சொல்லக் கூடாது. மத்தியானம், சாப்பாட்டு நேரம். ஓர் ஆண் குரல். தன் மனைவிக்கு வயிற்றில் வாயு, என்ன மாத்திரை கொடுக்கலாம் என்று கேட்டார். கூப்பிட்டதும் முதலில் எந்த எண், எந்தத் தெரு என்று வாங்கிவிடுவோம், லைன் அறுந்தால் தேட வேண்டுமே. வாங்கினேன். "அவங்ககிட்ட போனைக் குடுங்க" என்றேன். "பக்கத்துலதான் இருக்கா, கேளுங்க." ஸ்பீக்கர். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. அது என் தவறுதான், கேட்டிருக்க வேண்டும்.

"எந்தப் பக்கம் வலிக்குது?"

"நெஞ்சுக்குக் கீழதான் இருக்கும். பரோட்டா சாப்பிட்டா." இது கணவர்.

"அடிவயித்துலன்னு சொன்னாளே." இது மாமியார். "ஒரு பக்கமா."

"வேற எங்கயாவது வலி இருக்கா?"

"தோள்பட்டைல வலிக்குதுங்கறா. அது காலைல குடம் தூக்குனது. நான் கல்யாணமாகி வந்த புதுசுல மூணு குடம் தூக்குவேன்."

"எழுந்து நின்னா கண்ணு கட்டுதா?"

"வெயில் எப்படி அடிக்குது, எங்களுக்கே கட்டுது." இது யாரோ பக்கத்து வீட்டுப் பெண்.

தோள்பட்டை என்றதும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். வயிற்றுக்குள்ளே ரத்தம் கசிந்தால் சில பேருக்கு வலி தோளில் போய்த் தெரியும். படித்திருக்கிறேன். குடம் தூக்கினாலும் தோள் வலிக்கும். இரண்டில் எது என்று போனில் யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். கேட்டேன். "நாள் ஏதும் தள்ளிப் போயிருக்காங்க?"

டி.வி. சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வயதான ஓர் ஆண் குரல், மாமனார் போல, "யாருடா அவன், ஆம்பளப் பய, நம்ம வீட்டுப் பிள்ளைகிட்ட என்ன கேள்வி கேக்கறான்?" என்றது. அந்தப் பெண் அந்த நேரம் முழுக்கப் பேசியது ஒரே ஒரு வார்த்தை. "லேசாத்தான்." அதுவும் எந்தக் கேள்விக்கு என்று தெரியவில்லை. வாய் காய்ந்துபோனவர் பேசுகிற மாதிரி இருந்தது. லைனை வெட்டிவிட்டார்கள்.

எங்கள் விதி என்னவென்றால், லைன் அறுந்தால் ஒரு தடவை திரும்பக் கூப்பிடலாம். ஒரு தடவைதான். நான் கூப்பிட்டேன். கணவர் எடுத்தார். "சரியாயிருச்சுங்க, சோடா குடுத்தோம். படுத்திருக்கா. நீங்க கூப்பிட வேணாம்." இதோடு என் கடமை முடிந்தது.

எனக்கு முடிந்த மாதிரி இல்லை. படுத்திருக்கிறாள் என்கிறார்களே, சரியானவர்கள் எதற்குப் படுக்கிறார்கள்? பக்கத்து நாற்காலியில் மேரி புஷ்பா. அவளைக் கூப்பிடச் சொல்லலாம், பெண் குரல், பிரச்சினை இருக்காது என்று பார்த்தேன். அவள் பட்டன் விழுங்கிய பிள்ளையோடு மும்முரமாக இருந்தாள். மேற்பார்வைக்கு ஜெசிந்தா சிஸ்டர். கண்டிப்பானவர்கள். என் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். "சிஸ்டர், மறுபடியும் கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன். அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஒரு தடவைதான் ரூல்" என்றார்கள். என்னிடம் இன்னும் ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தேன். தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டார்கள். ஒரு முக்கியமான நேரத்தில் மேற்பார்வை செய்கிறவர்கள் இப்படி விட்டுவிட்டுப் போகலாமா? அதுவும் ரொம்ப நேரம் தண்ணீர் குடித்தார்கள். நான் எல்லாம் முடித்த பிறகுதான் வந்தார்கள். இதை நான் எங்கேயும் புகாராகச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

கூப்பிட்டேன். மணி அடித்து நின்றது. கூப்பிட்டேன். மாமியார் எடுத்து, "இந்த ஆஸ்பத்திரிக்காரனுங்க விட மாட்டானுங்க போல" என்று யாரிடமோ சொல்லிவிட்டு வைத்தார்கள். நான் தைரியசாலி கிடையாது சார். பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை தரவில்லை என்றால் கேட்க மாட்டேன், இறங்கிவிடுவேன். ஆனாலும் அன்றைக்கு விரல் அதுபாட்டுக்கு மறுபடியும் நம்பரை அமுக்கியது. எதற்கும் நான் காரணம் சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தத் தடவை அந்தப் பெண்ணே எடுத்தார். போன் பக்கத்தில் கிடந்திருக்கும்.

"ஸ்பீக்கர்ல இருக்கா?"

"இல்ல."

"பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"ம்."

பின்னால் மாமியார் குரல், "யாருடி போன்ல?"

அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. "அக்கா" என்றார்.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை சார். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அக்கா என்றது அவர்களாகச் சொன்னது. அதற்குப் பிறகு சொல்லிக்கொடுத்தது நான். "அப்படியே அக்காகிட்ட பேசற மாதிரி பேசுங்க. நான் கேக்கறதுக்கு ஆமான்னா 'சரிங்க அக்கா'ன்னு சொல்லுங்க. இல்லைன்னா 'அப்புறம் பாக்கலாங்க அக்கா'ன்னு சொல்லுங்க. புரியுதா?"

"சரிங்க அக்கா."

"நாள் தள்ளிப் போயிருக்கா?"

"சரிங்க அக்கா."

"வீட்ல தெரியுமா?"

"அப்புறம் பாக்கலாங்க அக்கா."

"தோள் இன்னும் வலிக்குதா?"

"சரிங்க அக்கா."

"எழுந்து நிக்க முடியுதா?"

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. "அப்புறம்... பாக்கலாங்க அக்கா."

"நான் இப்ப 108 அனுப்பறேன். வந்தா ஏறிக்குவீங்களா? வீட்ல வேணாம்னு சொன்னாலும்?"

நான் அவசரப்படுத்தவில்லை. இந்தக் கேள்விக்கு நான் பதில் எடுத்துக்கொடுக்க முடியாது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"சரிங்க அக்கா."

ஆம்புலன்ஸ்காரர்களுக்குத் தகவல் கொடுத்தேன். அந்தப் பெண்ணிடம், "போனை வைக்காதீங்க, பக்கத்துல வச்சுக்கிட்டுப் படுத்திருங்க, எதுவும் சாப்பிடாதீங்க" என்றேன். அதன் பிறகு நாங்கள் பேசவில்லை. லைன் மட்டும் இருந்தது. அந்த வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம், யாரோ சிரித்தது, டி.வி.யில் பல்பொடி விளம்பரம், எல்லாம் எனக்குக் கேட்டது. பிறகு சைரன் கேட்டது. வெளியே கதவைத் திறந்து, "எங்க வீட்டுக்கு இல்லைங்க, நாங்க கூப்பிடல" என்றார் கணவர். உடனே பாத்திரம் ஏதோ உருண்டது. "ஏய், ஏய், என்னடி, என்னடி ஆச்சு" என்று மாமியார் கத்தினார்கள். லைன் அறுந்தது.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு என்ன ஆனது என்று தெரியாத மாதிரி இவர்களுக்கும் தெரியாமலே போயிருக்கும். ஆனால் புகார் வந்துவிட்டதே.

புகாரில்தான் படித்தேன். கருப்பையில் தங்க வேண்டிய கரு, வழியிலேயே குழாயில் தங்கி, குழாய் வெடித்துவிட்டதாம். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, ரத்தம் ஏற்றி, பெண் நலமாக இருக்கிறாள் என்று முதல் பத்தியிலேயே எழுதியிருந்தது. ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவுக்கு நன்றி. ஆம்புலன்ஸ் டிரைவருக்கு நன்றி. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டியதாகவும் இருந்தது. அதன் பிறகு என் விஷயம். அந்நிய ஆண் திரும்பத் திரும்பப் போன் செய்தான், பெரியவர்கள் இருக்கும்போது கேட்கக் கூடாததைக் கேட்டான், தெருவே கூடும்படி சைரனோடு வண்டி அனுப்பினான், எங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தான், எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அக்காவே கிடையாது, அவள்தான் மூத்தவள்.

முதல் பத்தியைப் படித்ததும் எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது. புகாரைப் படித்துச் சிரித்தான் என்று அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

குடியுங்கள் சார், ஆடை கட்டிவிடும்.

போன வாரம் விசாரணை. நிர்வாக அதிகாரி, ஜெசிந்தா சிஸ்டர், நான். அந்தப் பக்கம் கணவரும் மாமனாரும். நாங்கள் பேசுவதெல்லாம் பதிவாகும். கணவர், அந்த "அக்கா" போன் மட்டும் போட்டால் போதும் என்றார். அதிகாரியும் சரி என்றார். ஜெசிந்தா சிஸ்டர் விடவில்லை. "மொதல்ல இருந்து போடுங்க. விசாரணைன்னா மொதல்ல இருந்துதான்" என்று பிடிவாதம். எதற்கு இந்த வேலை? ஒரே ஒரு போனில் முடிந்திருக்கும். எல்லாவற்றையும் போட்டு, என்னை இன்னும் நன்றாக மாட்டிவிட்டார்கள்.

முதல் போன் ஓடியது. பரோட்டா, குடம், வெயில், எல்லாம் வந்தது. கணவர், "இது என் குரலா? இப்படியா இருக்கு?" என்று கேட்டார். மாமனார் மேசைப் பக்கம் காதைக் கொண்டுவந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இதுல பிள்ளை பேசினது எங்க?" என்றார்.

"இதுல அவங்க பேசலைங்க. ஒரு வார்த்தைதான்" என்றார் அதிகாரி.

"வயித்து வலி அவளுக்குத்தானே?"

"ஆமாங்க."

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகனைப் பார்த்தார். எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. "அதுக்காக ஆம்பளை போன் பண்ணலாமா?" என்றார். போய்விட்டது.

கடைசிப் போன் ஓடும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் "சரிங்க அக்கா" என்று சொல்லச் சொல்ல, அந்த அறையில் ஆண்கள் எல்லோரும் என்னைப் பார்ப்பது தெரிந்தது. வெளியே நின்றிருந்த அட்டெண்டருக்கும் கேட்டிருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து நான் அக்கா. கேண்டீனில், "அக்காவுக்கு ரெண்டு இட்லி." லிஃப்டில், "அக்கா எந்த மாடி?" ஹமீது மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டான் என்று நினைத்தேன். அவன் "நாத்தனாரே" என்கிறான்.

தீர்ப்பு இதுதான். வருகிற திங்கட்கிழமை அவர்கள் மறுபடியும் வருவார்கள். நான் அவர்கள் முன்னால் நின்று, செய்தது தப்பு, இனிமேல் எந்த வீட்டுக்கும் ஒரு தடவைக்கு மேல் கூப்பிட மாட்டேன் என்று வாயால் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் வேலை இருக்கும். கேட்காவிட்டால் இருக்காது. அதிகாரி அப்படிச் சொல்லவில்லை. "யோசிச்சு நல்ல முடிவா எடுங்க தம்பி, இப்பதான் கல்யாணத்துக்கு வேற பாக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார். அதற்கு அதுதான் அர்த்தம்.

வீட்டில் சொன்னேன். அப்பா, "கால்ல விழுந்தாவது வேலையைக் காப்பாத்திக்கடா. விழறது நமக்குப் புதுசா?" என்றார். அம்மா, "அந்தப் பிள்ளை உசுரோட இருக்குல்ல? அப்புறம் என்ன, ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ" என்றார்கள். இரண்டும் நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் கேட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன். எதற்கெல்லாம் கேட்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். ஸ்பீக்கரில் இருக்கிறதா என்று முதலில் விசாரிக்காமல், மாமனார் காதில் விழுகிற மாதிரி அந்தக் கேள்வியைக் கேட்டதற்குக் கேட்கலாம். அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும். சைரனுக்குக் கேட்கலாம், அது நான் போட்டது இல்லை என்றாலும். சிரித்ததற்குக் கண்டிப்பாகக் கேட்கலாம். மற்றதற்கு வரும்போது வாய் வரமாட்டேன் என்கிறது. வந்துவிடும். இன்னும் நாள் இருக்கிறது.

கிளம்புகிறீர்களா? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா? ஒரு நிமிஷம் சார். ஒரே நிமிஷம்.

எங்கள் வேலையில் போனை வைப்பதற்கு முன்னால் ஒன்று செய்வோம். இவ்வளவு நேரம் நான் என்ன சொன்னேன் என்று அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்வோம். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். கஞ்சி கொடுங்கள் என்றால் கஞ்சி கொடுக்காதீர்கள் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். சொல்ல வைத்தால்தான் தெரியும். அதனால் தப்பாக நினைக்காமல், வீட்டுக்குப் போய் உங்கள் தங்கச்சியிடமும் பெண் சங்கவியிடமும் என்னைப் பற்றி என்ன சொல்வீர்கள் என்று கொஞ்சம் சொல்லிக் காட்டுங்கள்.

"நல்ல பையன், கொஞ்சம் பயந்த சுபாவம்."

அவ்வளவுதானா? அது தப்பில்லை சார். ஆனால் முழுதாக இல்லை. புகார் எங்கே போயிற்று? நாளைக்கு வேறு யாராவது வந்து சொன்னால், நான் உங்களிடம் மறைத்த மாதிரி ஆகும். இன்னொரு தடவை.

"ஒரு சின்னப் பிரச்சினை இருந்துச்சு, பையன் திங்கட்கிழமை மன்னிப்புக் கேட்டுருவான், வேலை நிலைச்சிரும்."

இல்லை சார்.

அதை நான் சொல்லவில்லையே. கேட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்றேனா? சொன்னேன், சரிதான். நீங்கள் சொல்லும்போது கேட்டால் தப்பாக இருக்கிறது. வேறு யாரையோ பற்றிச் சொல்கிற மாதிரி இருக்கிறது. திங்கட்கிழமை நான் போய், இனிமேல் கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், இன்னொரு வீட்டில் இன்னொரு பெண் "லேசாத்தான்" என்பார்கள். அப்போது கூப்பிடாமல் இருப்பேனா? இருக்க மாட்டேன். அப்புறம் எதற்குச் சொல்ல வேண்டும்?

ஸ்பீக்கருக்குக் கேட்பேன். சைரனுக்குக் கேட்பேன். சிரித்ததற்குக் கேட்பேன். திரும்பக் கூப்பிட்டதற்குக் கேட்க மாட்டேன். ஆமாம். கேட்க மாட்டேன். வேலை இருக்காது. அதையும் சொல்லுங்கள். இன்னொருவர் மனைவிக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தான், அவள் பொய் சொல்லத் துணை போனான், அடுத்த தடவையும் செய்வான், அடுத்த வாரத்திலிருந்து வேலை இல்லாமல்கூட இருப்பான். இவ்வளவையும் சொல்லிவிட்டு, மீதி இருந்தால் நல்ல பையன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சங்கவி பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுங்கள். அவர்கள் ஒன்றும் பேசவில்லை என்றால், சம்மதம் என்று நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கே சார், மறுபடியும் முதலிலிருந்து சொல்லுங்கள். அடுத்த பஸ் இருக்கிறது. நான் கேட்கிறேன்.